நல்லிருக்கைக் காலம்

செப்டம்பர் 1, திங்கள்

இந்த நோட்டு என் விருப்பத்தில் எழுதப்படுவதல்ல. குழித்துறையில் ஆற்றோரம் இருக்கிற இந்த ஆயுர்வேத வைத்தியசாலையில், தூக்கம் வராமல் வந்து சேருகிறவர் எவரானாலும் முதல் நாளே அவர் கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். தூங்கிய நேரம், தின்றது, வயிற்றின் நிலவரம், கோபம் வந்ததா, வந்தால் எதன் மேல் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை டாக்டர் பிந்து வாங்கிப் படிப்பார். ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறைத் தலைவனும் துணை முதல்வனுமாகிய ஐம்பத்தேழு வயது ஆள், வீட்டுப்பாடம் எழுதிக் காட்ட வேண்டும்.

கோபம்: வந்தது. எதன் மேல்: மேற்படி நோட்டின் மேல்.

டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத்தான் பேசுகிறார்.

"எப்ப முதல் ஒறக்கம் இல்ல சாரே?"

"ஏப்ரல்ல இருந்து. இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி."

"திருநெல்வேலியில எந்த வருஷம் வெயில் கம்மி?"

நான் மேசையில் இருந்த நோட்டைப் புரட்டினேன்.

"அந்த சமயத்துல ஏதாவது நடந்துதா? வீட்டுல சாவு, சண்டை, கேஸு?"

"ஒண்ணும் இல்ல."

எழுதிக்கொண்டார். சிகிச்சை பதினான்கு நாள். பதினைந்தாம் தேதி முடியும். பதினாறாம் தேதி வீட்டில் இருப்பேன். 24ஆம் தேதி திருநெல்வேலி தொழிலாளர் நீதிமன்றத்தில் நான் ஒரு சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரியில் நடந்த ஒரு விபத்து சம்பந்தமாக நான் எழுதிய விசாரணை அறிக்கை என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். பத்து நிமிட வேலை.

இந்த வைத்தியசாலையைக் கண்டுபிடித்து, இடமும் பிடித்துக் கொடுத்தவர் எங்கள் கல்லூரிச் செயலர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி. இருபத்தெட்டு ஆண்டில் அவர் எனக்குச் செய்த முதல் உபகாரம்.

செப்டம்பர் 2

தூக்கம்: இரண்டு மணி நேரம். அதுவும் தவணையில்.

காலையில் வில்சன் என்பவர் வந்து உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தார். இருபத்தாறு வருடமாக இதே வேலை. தேங்காய் மட்டையை உரிப்பது போல் காலைப் பிடிக்கிறார். மாலை ஆறரைக்குச் செம்பா என்கிற சிவப்பரிசிக் கஞ்சியும் பயறும். படுக்கும் முன் எருமைப்பாலில் ஜாதிக்காய்ப் பொடி. பசும்பால் கூடாதா என்று கேட்டேன். எருமைப்பால்தான் தூக்கத்துக்கு உகந்தது என்று பழைய நூல்கள் சொல்கின்றனவாம். எருமையின் மனநிலை பால் வழியாக எனக்கு வந்து சேரும் என்பது கொள்கை போலும். எங்கள் கல்லூரி ஆட்சிக்குழுக் கூட்டத்தில் அந்தப் பாலை விநியோகிப்பது வீண்செலவு என்று மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

கோபம்: பகலில் தூங்கக் கூடாது என்கிற விதியின் மேல். எந்நேரமும் தூங்க முடியாதவனிடம் இதைச் சொல்வதில் ஒரு துணிச்சல் இருக்கிறது.

செப்டம்பர் 3

ஒன்றரை மணி நேரம். கோபம்: கஞ்சி.

செப்டம்பர் 4

டாக்டர் நோட்டைப் படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க சாரே. வாசிக்க ரசமா இருக்கு. ஆனா இதுல நீங்க இல்ல."

"என்ன இல்ல?"

"வில்சன் இருக்கார், எருமை இருக்கு, கஞ்சி இருக்கு. நான்கூட இருக்கேன். ஒறக்கம் வராத ஆளு எங்க?"

செப்டம்பர் 5

இன்று முதல் சிரோதாரை. தோணி போலக் குடைந்த நீளமான மரப் பாத்தியில் மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். கண்ணின் மேல் பஞ்சு. நெற்றிக்கு மேலே தொங்கும் சட்டியிலிருந்து இளஞ்சூடான எண்ணெய் திரி வழியாக நூல் போல இறங்குகிறது. முக்கால் மணி நேரம். புருவ மத்தியில் விழுந்து, இடமும் வலமுமாக ஊர்ந்து, தலைமுடிக்குள் போய் வடிகிறது. சுகமாக இருக்கிறது என்று எழுதுவதில் எனக்கு மான நஷ்டம் எதுவும் இல்லை.

"ஒண்ணும் நினைக்காண்டாம் சாரே" என்றார் வில்சன். "மனச அப்படியே விட்டுருங்க."

"எல்லாரும் இதுல தூங்கிருவாங்களா?"

"போலீஸ்காரங்க அஞ்சு நிமிஷத்துல ஒறங்கிருவாங்க. வக்கீல்மாரு பத்து நிமிஷம். வாத்தியாருமாருக்குதான் லேட்டாவும்."

"ஏன்?"

"உள்ள இருந்து பாடம் எடுத்துக்கிட்டே இருப்பாங்கல்லா."

ஒன்றும் நினைக்காதே என்றால் மனம் எதை நினைக்குமோ அதை நினைத்தேன். வேதியியல் ஆய்வகம், நான்காம் மேசை. டாக்டர் கேட்கிற "ஆள்" வேண்டுமென்றால் எழுதிவைக்கிறேன்.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் அந்த மேசைக்கு அடியில் கேஸ் குழாய் கசிந்து, தீ பிடித்து, ஜெனிட்டா என்கிற இரண்டாமாண்டு மாணவிக்கு வலது கையும் கன்னமும் வெந்துபோயின. நிர்வாகம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அறிவியல் துறைக்காரர்கள் ஒருபக்கச் சார்பாக நடந்துகொள்வார்கள் என்று, வரலாற்றுக்காரனாகிய என்னைத் தலைவனாகப் போட்டார்கள். நவம்பரில் அறிக்கை கொடுத்தேன். ஆய்வக உதவியாளர் இசக்கிமுத்து, "பழுதை உரிய நேரத்தில் மேலிடத்துக்குத் தெரிவிக்கத் தவறினார்" என்பது அதன் முடிவு. டிசம்பரில் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் வழக்குப் போட்டிருக்கிறார். போடட்டும். அது அவருடைய உரிமை.

அறிக்கையின் அந்த முடிவு வாக்கியத்தில் ஒற்றுப்பிழைகூடக் கிடையாது.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஒரு மணி நேரம். காரணம், என் அறையைப் பகிர்ந்துகொள்ளும் தாணுமாலயம் பிள்ளை. ஓய்வுபெற்ற சார்பதிவாளர், சுசீந்திரத்துக்காரர். ஆறு வருடமாகக் கண்ணை மூடியதில்லை என்று சொல்லிக்கொண்டு, மரம் அறுக்கும் இயந்திரம் போல இரவெல்லாம் குறட்டை விடுகிறார். காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னைக்கும் ஒரு பொட்டு ஒறக்கம் இல்ல, கேட்டேரா" என்றார்.

"குறட்டை விட்டீங்களே."

"அது நானாக்கும்ணு எப்படிச் சொல்லுகீரு? ஒறங்காதவன் எப்படிவே கொறட்ட விடுவான்?"

ஆதாரம் கண்ணெதிரே இருந்தாலும், எழுதிய வாக்குமூலத்தை மாற்றிக்கொள்ளாத ஆள். பதிவுத் துறையில் நன்றாகவே பணியாற்றியிருப்பார்.

செப்டம்பர் 8

குற்றாலலிங்கம் அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு கூடை மாதுளை. மரத்தடி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தலையில் இருந்த எண்ணெயைப் பார்த்து முகத்தைச் சுளிக்காமல் இருந்தது பெரிய மனது.

"சார், மொகம் தெளிஞ்சிருக்கு. ஒங்க வீட்டம்மாகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க கோர்ட்டு கீர்ட்டுன்னு எதையும் மனசுல போட்டு அலட்டாதிய."

"இருபத்துநாலாந் தேதி வரணும்லா அண்ணாச்சி."

"அத அப்ப பாத்துக்கிடுவோம். ஒடம்புதான முக்கியம். அடுத்த ஜூன்ல முதல்வர் நாற்காலியில ஒக்காரப்போற ஆளு நீங்க. தெம்பா இருக்கணுமா இல்லயா?"

மாதுளை ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டே, சும்மா கேட்பது போல் கேட்டார்.

"அந்தப் பழைய காயிதமெல்லாம் ஒங்ககிட்டதான இருக்கு சார்? ஆபீஸ் கோப்புல காணலன்னாங்க."

"எந்தக் காயிதம்?"

"அதுவும் செரிதான்" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார்.

கோபம்: மாதுளையின் மேல். வைத்தியசாலைக்காரர்கள் என் பத்தியத்துக்கு அது ஆகும் என்று சொல்லிவிட்டதால், அதைத் தூக்கிப் போடுவதற்குக்கூட ஒரு காரணம் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 10

நோட்டை வாங்கிப் படித்த டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை.

"காயிதம்ணா என்ன சாரே?"

"மருத்துவத்துக்குச் சம்பந்தம் இல்லாதது."

"பித்தம் எதனால ஏறியிருக்குண்ணு தெரியாம நான் எண்ணெய ஊத்திக்கிட்டே இருக்க முடியாது. எண்ணெய்க்கு நெத்திக்குள்ள போவ வழி இல்ல. தோலோட நின்னுபோவும்."

சரி. எழுதுகிறேன்.

இசக்கிமுத்து எட்டாம் வகுப்பு படித்தவர். சென்ற ஆண்டு ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கோடு போட்ட தாளில் மூன்று கடிதங்கள் எழுதிக் கொடுத்திருந்தார். "நாலாவது மேசை கேஸ் நாத்தம் அடிக்குது ஐயா. பிள்ளைகள் நிக்கிற எடம் ஐயா" என்று இருக்கும். விசாரணையின்போது அவை என் கைக்கு வந்தன. அவற்றை அறிக்கையில் சேர்க்கவில்லை. குழாயை மாற்றாதது நிர்வாகத்தின் தவறு என்று ஆகிவிடும், மாணவர் சேர்க்கை பாதிக்கும், நானூறு பேர் சம்பளம் வாங்குகிற இடம் என்று அண்ணாச்சி எடுத்துச் சொன்னார். நிறுவனங்கள் எப்படி வீழ்ந்தன என்பதை முப்பது ஆண்டாகப் பாடம் நடத்தியவன் என்ற முறையில், ஒரு நிறுவனம் எப்படி வீழாமல் இருக்கிறது என்பதையும் அன்று கற்றுக்கொண்டேன்.

ஆனால் கிழிக்கவில்லை. மூலச் சான்றைக் கிழிப்பது என் தொழிலுக்கு விரோதம். அவை என் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. இதற்காக என்னை யாராவது பாராட்டியிருக்கலாம்.

டாக்டர் இதைப் படித்துவிட்டு என்ன சொல்வார் என்று தெரியவில்லை. இசக்கிமுத்துவின் மேல்தான் எனக்கு இப்போது கோபம். மூன்று முறை எழுதியவர், நான்காவது முறை நேரே வந்து மேசையைத் தட்டியிருக்க வேண்டாமா?

செப்டம்பர் 12

ஐந்து மணி நேரம். ஒரே மூச்சில்.

மிகவும் எரிச்சலாக இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் பாலும் எண்ணெயும் இருந்தால் தூங்கிவிடக்கூடிய ஆள்தானா நான்?

செப்டம்பர் 13

காலையில் பிள்ளை கேட்டார். "என்னைக்கு ஊருக்குப் போறேரு?"

"பதினாறாம் தேதி."

"அப்ப நல்லிருக்கை?"

"அது என்ன?"

அவர் என்னைப் பார்த்த பார்வை, பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து இல்லாமல் வந்த ஆளைப் பார்க்கிற பார்வை.

எண்ணெய்ச் சிகிச்சை எத்தனை நாளோ, அது முடிந்தபின் அத்தனை நாளும் நோயாளி இருந்த இடத்திலேயே அடங்கி இருக்க வேண்டும். அதற்குப் பெயர் நல்லிருக்கை. வெயில் படக் கூடாது, பயணம் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, கோபம் கூடவே கூடாது. சிகிச்சை இறங்குவது அந்த நாட்களில்தானாம். இந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். எனக்குப் பதினான்கும் பதினான்கும் இருபத்தெட்டு. 29ஆம் தேதிவரை.

நீதிமன்றம் 24ஆம் தேதி.

எண்ணெய் வழியும் தலையோடு டாக்டரின் அறைக்குப் போனேன்.

"முதல் நாளே ஏன் இதச் சொல்லல?"

"ஒங்க ஆபீஸுக்கு ஃபோன்ல சொன்னேனே சாரே. பதினாலு நாள், பெறவு நல்லிருக்கை பதினாலுண்ணு. ஒங்களுக்குச் சொல்லியிருப்பாங்கண்ணு நெனச்சேன்."

"செப்டம்பர்லயே வரணும்னு யாரு சொன்னது?"

கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு ஒரு புத்தகத்தைப் புரட்டினார்.

"நான் அக்டோபர் ஒண்ணாந் தேதிதான் எடம் இருக்குண்ணு சொன்னேன். அவங்கதான் அது ஆவாது, செப்டம்பர் ஒண்ணாம் தேதியே வேணும், மாசக் கடைசிவர சார் அசையக் கூடாதுண்ணாங்க. பயணம் செய்யக் கூடாதுண்ணு ஒரு சர்ட்டிபிகேட்டும் கேட்டாங்க. கொடுத்தேன். மருத்துவப்படி அது சரிதானே?"

சரிதான். அதில்தான் எனக்குக் கோபம். பொய்ச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அவர்கள் முகத்தில் விட்டெறியலாம். இது உண்மையான நோய்க்கு, உண்மையான வைத்தியர், உண்மையாகக் கொடுத்தது. நான் போகாவிட்டால் அலுவலகக் கண்காணிப்பாளர் அறிக்கையைத் தாக்கல் செய்துவிட்டுப் போய்விடுவார். கடிதங்களைப் பற்றி யாரும் யாரையும் கேட்க முடியாது. இசக்கிமுத்து கொடுத்தேன் என்பார், கோப்பில் இல்லை என்பார்கள். முடிந்தது.

முப்பது ஆண்டு வரலாறு படித்தவனை, எண்ணெய்ப் பாத்தியில் படுக்கவைத்துச் சிறை வைத்திருக்கிறார்கள். நானும் "சுகமாக இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாலையில் அரை மணி நேரம்தான் ஃபோன் தருவார்கள். என் மனைவி வடிவைக் கூப்பிட்டேன்.

"மாசக் கடைசிவர என்னய இங்க இருத்தி வைக்கப்போறது ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அவள் மறுப்பாள், நான் கத்தலாம் என்று தயாராக இருந்தவனுக்கு இது ஏமாற்றம்தான்.

"தெரிஞ்சும் பெட்டிய அடுக்கிக் குடுத்தியா?"

"அடுக்கிக் குடுத்தேன். பின்ன என்ன செய்யணும்ங்கிய? நீங்க அங்கன போயி நின்னா இசக்கிமுத்துவோட வக்கீலம்மா சும்மா விடுவாளா? மூணு லெட்டரும் யாருகிட்ட வந்துதுன்னு கேப்பா. விசாரணை அப்பதான் கைக்கு வந்துதுன்னு ஊரெல்லாம் சொல்லுதிய. எனக்கும் அதான் சொன்னிய. நான் பீரோவுல எடுத்துப் படிச்சுப் பாத்தேங்க. ஓரத்துல தேதி போட்டுக் கிறுக்கியிருக்கது யாரு கையெழுத்து? எனக்குத் தெரியாதா ஒங்க கிறுக்கு? கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாக்கேன்."

ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அண்ணாச்சி ஆள அனுப்பியிருந்தாவ, காயிதம் இருக்கான்னு. பீரோ சாவி அவ்வோகிட்டன்னு சொல்லிட்டேன்."

"சாவி ஒங்கிட்டதான இருக்கு?"

"இருக்கு. குடுக்கல. ஏன் குடுக்கலன்னு கேக்காதிய, எனக்கே தெரியல. நாற்காலி கெடைக்கணும்னும் இருக்கு, அந்த மனுசன நெனச்சா வயிறும் எரியுது."

"வெயில் கூடுனதுல இருந்து எனக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு வடிவு, அதுல—"

"வெயிலா? போன தீபாவளிக்குப் பெறவு ஒரு நாள் தூங்கியிருக்கியளா நீங்க? பக்கத்துல படுத்துருக்கவ நான். நீங்க பொரண்டு பொரண்டு படுத்தா எனக்கு மட்டும் தூக்கம் வருமா? ஒரு நாளாவது கேட்டியளா, வடிவு நீ தூங்குனியான்னு?"

நேரம் முடிந்தது என்று ஃபோனை வாங்கிக்கொண்டார்கள்.

செப்டம்பர் 15

சிகிச்சை முடிந்தது. உச்சியில் பொடி தேய்த்துவிட்டு, "இனி அடங்கி இருக்கணும் சாரே" என்றார் வில்சன்.

செப்டம்பர் 16

சென்ற ஆண்டு முதல்வர் மூன்று மாத விடுப்பில் இருந்தார். ஜூன் முதல் ஆகஸ்டுவரை பொறுப்பு முதல்வர் நான். ஆய்வகத்திலிருந்து வரும் காகிதம் எதுவானாலும் என் மேசைக்குத்தான் வரும்.

மூன்று முறையும் இசக்கிமுத்து நேரில்தான் வந்தார். ஆகவே 10ஆம் தேதி இந்த நோட்டில், கடிதங்கள் விசாரணையின்போது கைக்கு வந்தன என்று நான் எழுதியதும், கடைசி இரண்டு வாக்கியங்களும் பொய். ஒவ்வொரு முறையும் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வந்து, "பாத்துக்கிடுங்க ஐயா" என்று தாளை வைத்தார். நான் "பார்த்தேன்" என்று எழுதித் தேதியும் சுருக்கொப்பமும் போட்டேன். அந்த வாரம் ஒரு கருத்தரங்கு இருந்தது. அடுத்த மாதம் இன்னொரு கருத்தரங்கு. மூன்றாம் கடிதத்தின் தேதி ஆகஸ்டு 6. தீ பிடித்தது 19.

அண்ணாச்சி என்னை எதற்காக விசாரணைக்குத் தலைவனாக்கினார் என்று நான் ஒரு வருடமாக யோசித்தேன் என்றால் அதுவும் பொய். தெரியும். நான் குழாயைப் பற்றி வாயைத் திறந்தால் முதலில் வெந்துபோவது நான்தான் என்பது அவருக்கும் தெரியும்.

கோபம்: எல்லாரையும் முயன்று பார்த்தாகிவிட்டது. இனி ஒருவர்தான் மிச்சம்.

செப்டம்பர் 19

நோட்டை நானே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்து முடிக்க நேரம் எடுத்துக்கொண்டார். மூடி வைத்தார்.

"அந்தப் பெண் இப்ப எப்படி இருக்கு?"

"பரீட்சை எழுதுது. எடது கையால."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"24ஆம் தேதி நான் போவணும் டாக்டர்."

"வைத்தியத்துக்குப் பார்த்தா போவக் கூடாது. நூறு கிலோமீட்டர், வெயில், கோர்ட்டு. பதினாலு நாள் செஞ்சது எல்லாம் வீணாப்போவும். திரும்பவும் ஒறக்கம் கெடும். இத நான் எழுதியும் கொடுத்தாச்சு, மாத்த மாட்டேன்."

"மாத்த வேண்டாம்."

"பின்ன என்னத்துக்கு எங்கிட்ட வந்து நிக்கிறீங்க? கதவு தொறந்துதான் கெடக்கு. நானா பூட்டி வச்சிருக்கேன்?"

இந்தப் பதினெட்டு நாளில் இவர் கோபப்பட்டு நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 22

வடிவிடம் ஃபோனில் சொன்னேன். "இருபத்துநாலு காலையில வாறேன். அந்தக் காயிதத்த எடுத்துக்கிட்டு கோர்ட்டு வாசலுக்கு வர முடியுமா?"

பீரோ கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"முதல்வர் வேல போயிரும்லா?"

"இருக்கற வேலையே போனாலும் போவும்."

"காரச் சேவு வாங்கி வைக்கவா? கஞ்சி குடிச்சு நாக்கு செத்துருக்கும்" என்றாள்.

செப்டம்பர் 24, புதன்

வீட்டில் வைத்து எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்கு, வில்சன் என் தலையில் ஒரு துண்டை இறுகக் கட்டிவிட்டு, காதில் பஞ்சை அடைத்தார். "காத்து பிடிக்காண்டாம். ஜன்னலோரம் இருக்காதீங்க" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டார். நாகர்கோவிலில் இறங்கி வேறு பஸ். பத்தரை மணிக்கு நீதிமன்ற வாசலில் வடிவு மஞ்சள் பையோடு நின்றாள். பையில் கடிதங்களும் காரச் சேவும் இருந்தன. என் தலைக்கட்டைப் பார்த்து, "நெல்லு அறுக்கப் போற ஆளு மாதிரி இருக்கிய" என்றாள்.

உள்ளே எங்கள் வழக்கை அழைத்துவிட்டிருந்தார்கள். கல்லூரியின் வக்கீல் எழுந்து, விசாரணைக் குழுத் தலைவர் கடும் உடல்நலக் குறைவால் பயணம் செய்ய இயலாத நிலையில் இருக்கிறார் என்று சொல்லி, டாக்டர் பிந்துவின் சான்றிதழை நீட்டிக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்று கையைத் தூக்கினேன். தலையில் துண்டு, கழுத்தில் எண்ணெய். அலுவலகக் கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தவர், பேயைக் கண்டவர் போல வாயைப் பிளந்தார். குற்றாலலிங்கம் அண்ணாச்சி திரும்பவே இல்லை. அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகு மட்டும் விறைத்தது.

நீதிபதி அம்மா சான்றிதழையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களால வர முடியாதுன்னு இதுல இருக்கே?"

"அது உண்மையான சர்ட்டிபிகேட்தாம்மா. அதையும் மீறி வந்துருக்கேன்."

இசக்கிமுத்துவின் வக்கீல் மரியசெல்வி கேள்வி கேட்டார். கடிதங்கள் வந்தனவா? வந்தன. யாரிடம்? என்னிடம். எப்போது? மூன்றும் விபத்துக்கு முன்னால். ஓரத்தில் இருக்கிற கையெழுத்து யாருடையது? என்னுடையது. அப்படியானால் பழுதை மேலிடத்துக்குத் தெரிவிக்கத் தவறினார் என்று நீங்கள் எழுதியது? பொய். இந்த ஒற்றைச் சொல்லைச் சொல்வதற்கு முன் ஒரு முன்னுரை தயாரித்து வைத்திருந்தேன். நேரம் கொடுக்கவில்லை, நல்லதாயிற்று.

கல்லூரியின் வக்கீல் எழுந்தார். என்னிடம் நேற்றுவரை "சார்" போட்டுப் பேசியவர்.

"நீங்க தூக்கமின்மை நோய்க்கு இருபத்துநாலு நாளா உள்நோயாளியா இருக்கீங்க. சரிதானே?"

"சரி."

"தூக்கம் இல்லாதவங்களுக்கு ஞாபகம் தடுமாறும். நடக்காததெல்லாம் நடந்த மாதிரி தோணும். சரிதானே?"

"தூங்குறவங்கதான் சார் மறப்பாங்க. எனக்கு அதுக்கு வாய்ப்பே கெடைக்கல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. கடிதங்களை வாங்கி, ஒவ்வொன்றாகப் படித்து, எண் போட்டு வைத்துக்கொண்டார். அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார். கல்லூரியின் உள்வரும் கடிதப் பதிவேட்டை அன்று கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. அண்ணாச்சி என்னைக் கடந்து போகும்போது, "ஒடம்பப் பாத்துக்கிடுங்க சார்" என்றார். அவர் குரலில் அக்கறை துளியும் குறையவில்லை.

வெளியே வராந்தாவில் இசக்கிமுத்து நின்றிருந்தார். பத்து மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது. தோள்பட்டையில் சட்டை தேய்ந்து நூலாகியிருந்தது. தண்ணீர் கேன் சுமக்கிறார் என்று மரியசெல்வி சொன்னார். நான் அவரிடம் போனேன். என்ன எதிர்பார்த்துப் போனேன் என்று இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"இசக்கிமுத்து" என்றேன். "இது நான் முன்னமே—"

"ஆமா சார். முன்னமே சொல்லியிருக்கலாம்லா."

குரலை உயர்த்தவில்லை. வடிவு ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள்.

"அந்தப் பிள்ளையோட அப்பா என்னய ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு செருப்பால அடிச்சாரு. நீங்க அங்கனதான் நின்னிய. நான் ஒங்க மொகத்தப் பாத்தேன். நீங்க வாட்ச்சப் பாத்திய."

"ஞாபகம் இருக்கு."

"அதக்கூட விடுங்க. கைக்கும் கன்னத்துக்கும் தீ வச்சவன்னு எங்க தெருவுல இன்னைக்கும் எம்பேரு. எம் பொண்டாட்டி தண்ணி எடுக்க பைப்படிக்குப் போனா நவுந்து நிக்காளுவ. அதையும் விடுங்க. எனக்கு ஆறாதது ஒண்ணுதான் சார்." வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூணு தடவ எழுதிக் குடுத்தேன்லா. குடுத்த அன்னைக்கெல்லாம் நான் நல்லாத் தூங்குனேன் சார். எம் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன், பெரிய சார் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டாவ, இனி அவ்வோ பாத்துக்கிடுவாவ, பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு. சொல்லிட்டு அப்படியே தூங்கிப்போவேன். நான் மட்டும் தூங்காம கெடந்திருந்தேன்னா, மறுநா காலையில போயி அந்த மெயின் வால்வ நானே அடச்சுப் போட்டிருப்பேன்."

நான் வாயெடுப்பதற்குள், மூன்று மாடிக்கு இருபது கேன் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, வெயிலுக்குள் இறங்கிப் போய்விட்டார்.